நடுப்பாலத்து ஞாயிறுகள்

போன கிழமை எங்கள் அலுவலகத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் மா சூப் வைத்திருந்தார்கள். மா சூப் என்றதும் பயந்துவிடாதீர்கள். கோதுமை மாவை வெறும் சட்டியில் போட்டு, அடிப்பிடிக்க விடாமல் கபில நிறம் வரும்வரை வறுத்து, இறைச்சி அவித்த நீரை ஊற்றிக் கொதிக்கவைத்து, மேலே கொஞ்சம் சீஸ் துருவிப் போட்டுத் தருவார்கள். மாசி மாதத்தில், ஃபஸ்நாக்ட் என்கிற கோமாளித் திருவிழா வரும் நாட்களில், இந்தப் பக்கத்து ஆட்கள் விரும்பிக் குடிப்பது. வரிசையில் நின்றபோது அந்த வாசனை மூக்கில் ஏறியது. புட்டுக்கு மா வறுக்கும்போது வீட்டில் வருமே, கிட்டத்தட்ட அதே வாசனை. பின்னால் நின்றவருக்கு இடம் விட்டுவிட்டு வெளியே வந்து, லிம்மாட் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னேரம்வரை பசியோடு வேலை செய்ததுதான் மிச்சம்.

வறுத்த மாவுக்கும் ஆற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். அதைச் சொல்ல வெளிக்கிட்டால் நான் இருக்கும் இந்தப் பாடன் நகரை விட்டு இன்னோர் ஊருக்கும் இன்னோர் ஆற்றுக்கும் போகவேண்டும். எனக்கு நேராகக் கதை சொல்லவும் வராது. பொறுமை இருந்தால் கூட வாருங்கள்.

ஊரின் பெயர் லவ்பன்பூர்க். ரைன் ஆற்றின் இந்தக் கரையில் பாதி, அந்தக் கரையில் பாதி. இந்தப் பாதி சுவிஸ், அந்தப் பாதி ஜேர்மனி, பெயர் மட்டும் இரண்டுக்கும் ஒன்று. முன்னர் ஒரே ஊராக இருந்ததாம். நெப்போலியன் காலத்தில் ஆற்றின் நடுவால் எல்லையைப் போட்டுப் பிரித்துவிட்டார்கள் என்று பள்ளிக்கூடத்தில் படிப்பித்தார்கள். காணி பிரிப்பது எங்கள் ஆட்களுக்குப் புதிதல்ல. கிணறு யாருக்கு, எல்லைப் பனை யாருக்கு என்று தலைமுறை தலைமுறையாக அடிபடுவோம். இவர்களுக்கு நடுவில் ஆறு இருந்ததால் வேலை சுலபமாகப் போயிற்று.

அந்த ஆறு இப்போது சாது. முன்னர் அப்படியில்லையாம். ஊருக்கு நடுவில் ஒடுங்கி, பாறைகளுக்கிடையே இரைந்து விழுந்து ஓடுமாம். வள்ளத்தில் வரும் சாமான்களை ஊருக்கு மேலே இறக்கி, வண்டியில் சுற்றிக் கொண்டுபோவார்களாம். வெறும் வள்ளத்தைக் கயிறு கட்டிப் பாறைகளுக்கிடையே பையப் பைய இறக்குவதற்கென்றே ஆட்கள் இருந்தார்களாம். சல்மன் மீன் அள்ள அள்ளக் கிடைக்குமாம். தினமும் சல்மன் தரக்கூடாது என்று பேசிவிட்டுத்தான் வீட்டு வேலைக்காரர்கள் வேலைக்கே சேர்வார்களாம். இந்தக் கதையை ரைன் கரையில் பல ஊர்களில் சொல்கிறார்கள் என்று பிறகு அறிந்தேன். ஆனாலும் எங்கள் ஊர்க் கதைதான் உண்மையானது என்று இன்றைக்கும் வைத்திருக்கிறேன். பிறகு மின்சாரம் எடுக்க அணை கட்டினார்கள், பாறைகளை வெடி வைத்துத் தகர்த்தார்கள், ஆறு குளம்போல ஆகிவிட்டது. சல்மன் போய்விட்டது. மீனவர் சங்கம் மட்டும் மிஞ்சியது. மீன் இல்லாத மீனவர் சங்கம் என்ன செய்யும்? வருடத்துக்கு ஒருமுறை முகமூடி போட்டுக்கொண்டு கோமாளி ஆட்டம் ஆடும். அதற்குப் பிறகு வருகிறேன்.

நாங்கள் அந்த ஊருக்குப் போனது பெரியப்பாவால். அதற்கு முன் பாடனில் இருந்தோம். நான் மூன்று வயதில் அம்மாவின் இடுப்பில் இருந்தபடி இந்த நாட்டுக்குள் வந்தவள். எங்கள் வழக்கு இழுபட்டு இழுபட்டுக் கடைசியில் எஃப் விசா தந்தார்கள். எஃப் விசாவை விளங்கப்படுத்துவது கஷ்டம். உங்களைத் திருப்பி அனுப்பவில்லை, ஆனால் இருக்கச் சொன்னதாகவும் நினைத்துக்கொள்ள வேண்டாம் என்பதுதான் அதன் சாரம். நாட்டைவிட்டு வெளியே கால் வைக்கக்கூடாது. வைத்தால் பிறகு, முறையாக இருக்க விடும் பி விசா கேட்கும்போது கழுத்தைப் பிடிக்கும். பாடனில் எங்களுக்குத் தெரிந்த ஒருவர் ஜேர்மனியில் ஒரு கலியாண வீட்டுக்குப் போய் வந்து, வழியில் பிடிபட்டு, அவருடைய பி எங்கேயோ தள்ளிப் போய்விட்டது என்று சொல்வார்கள். அந்தக் கதையை அப்பா மற்றவர்கள் பேய்க்கதை சொல்வதுபோலச் சொல்வார்.

வன்னியில் யுத்தம் முடிந்த அடுத்த வருடம், அப்பாவின் ஒரே அண்ணன், என் பெரியப்பா, எப்படியோ தப்பி ஜேர்மனிக்கு வந்து சேர்ந்தார். பெரியம்மா யுத்தத்தின் கடைசி நாட்களில் இறந்துபோனார். பெரியப்பா அதைப்பற்றிக் கதைத்ததேயில்லை, நாங்களும் கேட்டதில்லை. அகதி விண்ணப்பம் கொடுத்தவர்களை அங்கே ஹைம் என்று சொல்லும் விடுதிகளில் பிரித்துப் போடுவார்கள். பெரியப்பாவுக்குக் கிடைத்தது, நம்பினால் நம்புங்கள், லவ்பன்பூர்க்கின் ஜேர்மன் பாதி. அப்பா அன்றைக்கு முருகன் படத்துக்கு முன்னால் நின்று அழுதார். வந்த கிழமையே பாடன் வீட்டைக் கைவிட்டு ஆற்றங்கரைக்குப் போக முடிவு செய்தார். மாநிலத்துக்குள் வீடு மாற எஃப் விசாக்காரருக்குத் தடையில்லை. ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவும் வேலையும் கிடைத்தது. பத்து வயதில் சிநேகிதிகளைப் பிரிந்த கோபத்தில் நான் லொறியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனேன். பெரியப்பா என்ற மனிதரை அதுவரை நான் படத்தில்கூடச் சரியாகப் பார்த்ததில்லை.

போய்ப் பார்த்தால் வீட்டு யன்னலில் இருந்தே அக்கரை தெரிந்தது. நடுவில் ஒரு பழைய கல்லுப் பாலம். நடந்து போகிறவர்களுக்கு மட்டும், கார் போக வேறு பாலம். கடவுச்சீட்டுப் பார்க்கும் வழக்கமும் எடுபட்டிருந்தது. யாரும் நிற்பதில்லை, யாரும் கேட்பதில்லை. எப்போதாவது இரண்டு எல்லைப் பொலிஸார் வந்து சும்மா நின்றுவிட்டுப் போவார்கள்.

சனிக்கிழமைகளில் சுவிஸ் பாதி முழுவதும் அக்கரைக்குப் போகும். அங்கே இறைச்சி மலிவு. தள்ளுவண்டி, முதுகுப்பை, குழந்தை வண்டி என்று எல்லாவற்றிலும் இறைச்சி வரும். இக்கரைக்கு அக்கரை பச்சை என்பதை அம்மா அந்த ஊரில் இக்கரைக்கு அக்கரை இறைச்சி என்று மாற்றிவிட்டார். அந்த ஊரிலேயே சுவிஸ் விலை கொடுத்து ஆட்டிறைச்சி வாங்கிய குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும். இதைப் பார்த்து மனம் பொறுக்காமல், மேல்வீட்டு பிராவ் மெட்லர் என்ற அம்மையார் தான் போகும்போது எங்களுக்கும் வாங்கி வருவதாகச் சொன்னார். அது சட்டப்படி சரியா என்று அப்பா அவரையே கேட்டார். பிராவ் மெட்லர் சிரித்த சிரிப்பு படிக்கட்டு முழுவதும் கேட்டது.

அப்பாவைப் பொய் சொல்லத் தெரியாத மனிதர் என்று நான் பெருமையாகச் சொல்லலாம். பயந்த மனிதர் என்றும் சொல்லலாம். குண்டு விழும்போது பதுங்குகுழிக்குப் போகாமல் மாட்டை அவிழ்க்கப் போனவர் என்று அம்மா சொல்வார். அப்படிப்பட்டவருக்கு இந்த நாட்டில் ஒரு அறிவிப்புப் பலகை போதும், அதற்கு முன்னால் நின்றுவிடுவார்.

நடுப்பாலத்தில் எல்லைக்கு ஓர் அடையாளம் உண்டு. உற்றுப் பார்க்காவிட்டால் தெரியாது. அதற்கு நேரே அப்பா மனதால் ஒரு கோடு இழுத்துவைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மா சமைத்ததை ஐஸ்கிரீம் பெட்டிகளில் போட்டுக்கொண்டு நாங்கள் மூன்று பேரும் பாலத்துக்குப் போவோம். அந்தப் பக்கத்தில் இருந்து பெரியப்பா வருவார். அவருக்கும் ஒரு சட்டம் இருந்தது. விண்ணப்பம் முடியும்வரை அவரைப் போட்ட மாவட்டத்தை விட்டு வெளியேறக்கூடாது. அதனால் கோட்டுக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நாங்கள். எங்களைக் கடந்து ஆட்கள் நாயோடும் பிள்ளைகளோடும் போய்வந்துகொண்டிருப்பார்கள்.

பெரியப்பா ஊரில் பஸ் கொண்டக்டராக இருந்தவர். முதல் ஞாயிறே என் கோபத்தைத் தீர்த்துவிட்டார். படம் எடுத்துக்கொண்டு வழியை மறித்து நின்ற சுற்றுலாக்காரரைப் பார்த்து, "உள்ளுக்குப் போங்கோ, உள்ளுக்குப் போங்கோ, பின்னுக்கு இடமிருக்கு" என்று தமிழில் கத்தினார். அவர்களும் என்னவோ விளங்கி நகர்ந்தார்கள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைக்கு நான்தான் முதல் ஆளாகச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு நிற்பேன்.

சாப்பாட்டுப் பெட்டி கோட்டைத் தாண்டிப் போகும், போன கிழமைப் பெட்டி திரும்பி வரும். பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக்கூடாது என்பது எங்கள் வழக்கம் அல்லவா? ஹைமில் அவருக்குச் சாமான்களைப் பொதி பண்ணிக் கொடுப்பார்கள். அதில் இருந்து ஒரு அப்பிளோ, சீனிப் பைக்கற்றோ, பெயர் தெரியாத பிஸ்கட்டோ பெட்டிக்குள் இருக்கும். ஒருமுறை முழு முட்டைக்கோவாவே வந்தது. அம்மா அதைச் சுண்டி அடுத்த ஞாயிறு அவருக்கே கொடுத்தார்.

அப்பாவுக்கு ஒரு குறை இருந்தது. அண்ணன் சாப்பிடுவதை அவர் பார்க்கவில்லை. பெரியப்பா பெட்டியை வாங்கி, அப்பாவின் கையைத் தடவிக் கதைத்துவிட்டு, ஹைமுக்குக் கொண்டுபோய்ச் சூடாக்கித் தனியே சாப்பிடுவார். இரண்டு பேரும் கடைசியாகச் சேர்ந்து சாப்பிட்டது, அப்பா வெளிநாட்டுக்கு வெளிக்கிட்ட அன்றைக்குக் காலமை. என்ன சாப்பாடு என்பதில்கூட இரண்டு பேருக்கும் ஒத்துவராது, இடியப்பம் என்பார் ஒருவர், பாண் என்பார் மற்றவர். "என்ர பி மட்டும் வரட்டும், அண்ணை. ஒரு மேசையில இருந்து சாப்பிடுவம்" என்று அப்பா ஒவ்வொரு ஞாயிறும் சொல்வார். வேறு எதையும் அவர் பெரிதாகக் கேட்டு நான் அறியேன். வீடு கேட்கவில்லை, கார் கேட்கவில்லை. பி வரும்வரை பெரியப்பாவை அந்த ஊரிலேயே வைத்திருக்கவேண்டும், அவ்வளவுதான் வேண்டுதல். அக்கரையில் தேவாலயத்தோடு சேர்ந்த ஒரு அம்மா ஹைமில் உள்ளவர்களுக்கு உதவி செய்வார். தம்பி எதிர்க்கரையில் இருக்கிறார், இந்த மனிதருக்கு வேறு யாருமில்லை, இங்கேயே விடுங்கள் என்று அவர்தான் போகும் இடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இந்த இடத்தில் என் வீரத்தையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். எங்கள் வகுப்பு ஆசிரியை ஒருநாள் எல்லோரையும் அக்கரைக்கு ஐஸ்கிரீம் குடிக்கக் கூட்டிப் போனார். ஊர் வரலாறு படிப்பிக்கிறாராம். நான் என் எஃப் அட்டையை நினைத்து, வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு, அடுத்த வகுப்பில் இருந்து கணக்குச் செய்தேன். அப்பாவின் மகள் வேறு எப்படி இருப்பாள்?

ஃபஸ்நாக்டுக்கு வருகிறேன். வருடம் முழுவதும் இரண்டாக இருக்கும் ஊர் அந்த நாட்களில் ஒன்றாகிவிடும். இரண்டு கரைக் கோமாளிகளும் ஒரே சங்கம். எல்லையைப் போட்டவர்கள் அதை மட்டும் பிரிக்க மறந்துவிட்டார்கள். துணித்துண்டுகள் தைத்த உடுப்பு, மரத்தில் செய்த முகமூடி, தகரத்தையும் பறையையும் அடித்துக்கொண்டு இந்தக் கரையில் இருந்து அந்தக் கரைக்கு ஊர்வலம். முகமூடிக்காரர்கள் விதைப்பருப்பும் பாணும் எறிய, பிள்ளைகள் பாட்டுச் சொல்லிக் கத்திப் பொறுக்குவார்கள். பாலத்தில் எள் போட்டால் விழாது.

நாங்கள் போன இரண்டாவது வருட ஃபஸ்நாக்டுக்கு முதல் நாள் பிராவ் மெட்லர் ஒரு பையோடு கீழே வந்தார். அவருடைய காலஞ்சென்ற கணவரின் கோமாளி உடுப்பும் முகமூடியும். இதைப் போட்டுக்கொண்டு போய் அண்ணனோடு சாப்பிட்டுவிட்டு வாருங்கள், நாளைக்கு யாரை யார் அடையாளம் காணப்போகிறார்கள் என்றார். அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. அப்பா அந்த முகமூடியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அம்மாவிடம் தமிழில் சொன்னார்.

"பிடிபட்டா முகமூடியோட பிடிபடவேணும். அது இன்னும் வெக்கம்."

நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆனால் பெரியப்பா தொலைபேசியில் இன்னொரு யோசனை சொன்னார். நாளைக்கு ஊரே தெருவில் நின்று சாப்பிடும். நாங்களும் கோட்டில் நின்று சாப்பிடுவோம், ஒரு பெட்டி, ஆளுக்கொரு கரண்டி. அவர் பக்கம் அவர், எங்கள் பக்கம் நாங்கள். சட்டம் என்ன செய்யும்? அப்பா சிரித்தார். மேசை இல்லாவிட்டால் என்ன, இதுவும் ஒரு தொடக்கம் என்று அவருக்குப் பட்டிருக்கவேண்டும்.

அன்றைக்குக் காலமை அம்மா மா வறுத்தார். அப்போதுதான் மேல்வீட்டில் பிராவ் மெட்லரும் சூப்புக்கு மா வறுத்தார். இரண்டு யன்னலில் இருந்தும் ஒரே வாசனை முற்றத்துக்கு இறங்கியது. அம்மா புட்டு அவித்து, ஆட்டிறைச்சிக் கறி வைத்து, கத்தரிக்காய் பொரித்து, இரண்டு பெட்டியில் நிரப்பினார். வெளியே வந்தால் ஒழுங்கை முழுவதும் ஊர்வலம். அசைய முடியவில்லை. அப்பா பெட்டியைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, மன்னிக்கவும் மன்னிக்கவும் என்று ஒவ்வொரு முகமூடிக்கும் சொல்லிக்கொண்டு போனார். நேரம் போய்க்கொண்டேயிருந்தது.

பெரியப்பாவுக்குச் சீனி வருத்தம் என்கிற நீரிழிவு நோய் இருந்தது. வழக்கம்போலக் காலமைக் குளிசையைப் போட்டுவிட்டு, எங்களோடு சாப்பிடவேண்டும் என்று ஒன்றுமே சாப்பிடாமல் வந்து அந்தக் குளிரில் நின்றிருக்கிறார். நாங்கள் கூட்டத்தைப் பிளந்து நடுப்பாலத்துக்கு வந்தபோது, அவர் அந்தப் பக்கத்தில் நின்று எங்களைப் பார்த்துக் கையைத் தூக்கினார். தூக்கிய கை அப்படியே இறங்கியது. முழங்கால் மடிந்து விழுந்தார்.

அப்பா அங்கே போகவில்லை. எங்களைச் சுற்றி இரண்டு நாட்டு ஆட்களும் போய்வந்துகொண்டிருந்தார்கள், குழந்தைகள் அந்தப் பக்கம் பருப்புப் பொறுக்கி இந்தப் பக்கம் ஓடி வந்தார்கள். அப்பா கோட்டில் குந்தி, கையை நீட்டி, பெரியப்பாவின் கமக்கட்டுக்குள் கொடுத்து இழுத்தார். கால் ஒன்றும் தாண்டவில்லை. சப்பாத்து நிலத்தில் தேயத் தேய அண்ணனை எங்கள் பக்கத்துக்கு இழுத்து எடுத்தார். அண்ணனைக் காப்பாற்றவேண்டும், சட்டத்தையும் மீறக்கூடாது. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்துவிட்டதாகத்தான் அந்த நிமிடம் அவர் நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பார்த்தவர்கள் சிரித்தார்கள். ஒருவரை ஒருவர் எல்லையால் இழுப்பது கோமாளி ஆட்டத்தில் ஒரு பகுதி என்று நினைத்திருப்பார்கள். சிலர் கை தட்டினார்கள். நான் ஜேர்மன் மொழியில் உதவி உதவி என்று கத்தினேன், பறைச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. கடைசியில் ஒரு முகமூடிக்காரர் குனிந்து பார்த்துவிட்டு முகமூடியைக் கழற்றினார். உள்ளே வேர்த்து விறுவிறுத்த ஒரு இளம் பெடியன். அவன்தான் அம்புலன்ஸை அழைத்தான், கூட்டத்தை விலக்கினான். எங்கள் பக்கத்தில் கிடந்ததால் எங்கள் பக்கத்து அம்புலன்ஸ் வந்தது, எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது.

சீனி இறங்கியதுதான். ஏற்றியவுடன் கண் திறந்துவிட்டார். மேலே வெள்ளைக் கூரையைப் பார்த்தார், பிறகு அப்பாவைப் பார்த்தார்.

"எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

"எங்கட பக்கம், அண்ணை."

"ஐயோ தம்பி," என்றார் பெரியப்பா.

அப்போதுதான் அப்பாவுக்கு விளங்கியது. அவர் கோட்டைத் தாண்டவில்லை, அண்ணனைத் தாண்ட வைத்துவிட்டார்.

எல்லோரும் நல்லவர்கள். டொக்டர் நல்லவர். நேர்ஸ் பெரியப்பாவுக்கு இனிப்புத் தேத்தண்ணியும் பாணும் கொண்டுவந்து கொடுத்தார். புட்டை இப்போது கொடுக்கக்கூடாது என்று அன்பாகச் சொன்னார். பெட்டி அம்மாவின் மடியில் ஆறிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் இரண்டு எல்லைப் பொலிஸார் வந்தார்கள். ஒருவருடைய தோளில் கலர்க் கடதாசித் துண்டுகள் ஒட்டியிருந்தன. ஊர்வலத்தில் இருந்து நேராக வந்திருப்பார். இவருடைய அட்டையின்படி இவர் இங்கே நிற்கக்கூடாதே, எப்படி வந்தார் என்று மரியாதையாகக் கேட்டார்கள். நான்தான் மொழிபெயர்த்தேன். தெரியாமல் நடந்து வந்துவிட்டார் என்றோ, யாரோ தூக்கி வந்தார்கள் என்றோ அப்பா சொல்லியிருக்கலாம். அவர், நான்தான் இழுத்தேன், அவர் வரவில்லை, நான் இழுத்தேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர்கள் தலையை ஆட்டி எழுதிக்கொண்டார்கள். பொழுதுபடமுன் பெரியப்பாவைக் காரில் ஏற்றி மற்றப் பாலத்தால் கொண்டுபோய் அங்கே ஒப்படைத்தார்கள். அம்மா சாப்பாட்டுப் பெட்டியைக் கார் யன்னலால் நீட்ட, தோளில் கடதாசி ஒட்டியவர் அதைக் கவனமாக வாங்கிப் பெரியப்பாவின் மடியில் வைத்தார்.

சில கிழமையில் பெரியப்பாவை அந்த மாநிலத்தின் வடக்கு மூலையில் இருந்த வேறொரு ஹைமுக்கு மாற்றினார்கள். இது தண்டனை என்று யாரும் சொல்லவில்லை. இடம் போதவில்லை என்றுதான் சொன்னார்கள். உண்மையாகவே இடம் போதாமல் இருந்திருக்கலாம். எங்களுக்கு இன்றுவரை தெரியாது. தேவாலயத்து அம்மா நடுப்பாலத்துக்கு வந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அழுகையோடு ஒரு வார்த்தை சொன்னார். அந்தப் பக்கத்தில் விழுந்து அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரியில் இருந்திருந்தால், அதை வைத்து இங்கேயே வைத்திருக்கச் சொல்லிக் கேட்டிருக்கலாம், ஒருவேளை சம்மதித்திருப்பார்கள் என்றார். நான் அதை மொழிபெயர்க்காமல் விட்டேன். ஆனால் அப்பாவுக்கு அவ்வளவு ஜேர்மன் விளங்கும்.

அதற்குப் பிறகு தொலைபேசிதான். பெரியப்பா பகிடி விட்டுக்கொண்டேயிருப்பார். வடக்கே பஸ்கள் நேரத்துக்கு வருகின்றன, கொண்டக்டர் இல்லாமலே ஓடுகின்றன, இது பஸ்ஸே இல்லை என்பார். அப்பா போய்ப் பார்ப்பதற்கு வழி இருக்கிறதா என்று விசாரித்தார். விசா அலுவலகத்துப் பெண் பொறுமையாக விளங்கப்படுத்தினார். வழி இருக்கிறது. நெருங்கிய உறவினர் கடும் வருத்தமாக இருந்தால், அல்லது இறந்தால், எஃப் விசாக்காரருக்குப் போய்வர அனுமதி கொடுக்கலாம். பெரியப்பாவின் வருத்தத்தைப்பற்றி அங்கே உள்ள டொக்டரிடம் கேட்டோம். சீனி இப்போது நல்ல கட்டுப்பாட்டில் இருக்கிறது, ஒரு பயமும் இல்லை என்று பதில் வந்தது. அதைக் கேட்டு அம்மா கோயிலுக்கு நேர்த்தியாகக் காசு முடிந்துவைத்தார். அப்பா எழுந்து யன்னலுக்குப் போனார். நல்ல செய்திக்குத் துக்கப்பட்டு அழுத மனிதரை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் கோபிப்பது என்றுதான் தெரியவில்லை.

அடுத்த வருடம் மாரிக் குளிர் தொடங்கும்போது, ஒரு காலமை பெரியப்பா எழும்பவில்லை. சீனி இல்லையாம், நெஞ்சாம். அனுமதி மளமளவென்று வந்தது. அவ்வளவு சுறுக்காக ஒரு அலுவலகம் எங்களுக்கு வேலை செய்ததை அதற்கு முன் நாங்கள் கண்டதில்லை. அப்பா கறுத்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு பாசல் வழியாக ரயிலில் போனார், அலுவல் முடித்து வந்தார், அடுத்த நாளே கோப்பை கழுவப் போனார். அங்கே என்ன நடந்தது என்று கேட்டதற்கு, எல்லாம் ஒழுங்காக நடந்தது என்றார். பி விசா அதற்கு அடுத்த வருடம் வந்தது.

இப்போது எங்கள் எல்லோரிடமும் சிவப்பு நிறச் சுவிஸ் கடவுச்சீட்டு இருக்கிறது. நாங்கள் பாடனுக்கே திரும்பி வந்துவிட்டோம். பிராவ் மெட்லர் காலமாகிவிட்டார். பெரியப்பா இருந்த ஹைமில் வேறு யாரோ குடும்பங்கள் இருக்கின்றன, வாசலில் பூச்சாடி வைத்திருக்கிறார்கள். தேவாலயத்து அம்மா எங்கே என்று தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா இப்போது பெரிதாகச் சமைப்பதில்லை, இருப்பதைச் சூடாக்கிச் சாப்பிடுகிறோம்.

போன கோடையில் அப்பாவை அந்த ஊருக்குக் கூட்டிப் போனேன். பாலத்தால் நடந்தோம், அக்கரைக்குப் போனோம், ஒருவரும் எங்களைப் பார்க்கவில்லை. ஆற்றைப் பார்த்தபடி ஒரு கடையில் இருந்தோம். நான் கோப்பி கேட்டேன், அவர் ஒன்றும் வேண்டாம் என்றார். பிறகு நான் கேட்காமலே சொல்லத் தொடங்கினார். பெரியப்பாவோடு அறையில் இருந்த எரித்திரியப் பெடியனும் இன்னும் இரண்டு பேரும் செத்தவீட்டுக்கு வந்தார்களாம். முடிந்ததும் அப்பாவை ஹைமுக்குக் கூட்டிப்போய் மேசையில் சாப்பாடு வைத்தார்களாம். அண்ணன் வழக்கமாக இருக்கும் கதிரையைக் காட்டி அதில் இருக்கச் சொன்னார்களாம். அப்பா அதில் இருக்கவில்லை. அதற்கு எதிர்ப்பக்கத்துக் கதிரையில் இருந்து சாப்பிட்டாராம்.

"என்ன சாப்பாடு அப்பா?" என்று கேட்டேன்.

"தெரியாது, பிள்ளை. போட்டதை எல்லாம் சாப்பிட்டன்," என்றார். பிறகு ஆற்றைப் பார்த்துக்கொண்டு, "ஒரு மேசையில இருந்து சாப்பிட்டம் எண்டு வை," என்றார்.

நான் வைத்துக்கொண்டேன். வேறு என்ன செய்ய? இனி நாங்கள் எந்த நாளும் அக்கரைக்குப் போகலாம். அங்கே போய்ப் பார்க்க எங்களுக்கு ஆள் இல்லை.